எண்பத்தெட்டு கிலோ

முந்நூத்தி நாப்பத்தாறு இந்தப் பக்கம், முந்நூத்தி நாப்பத்தாறு அந்தப் பக்கம். சரியாத்தான் இருக்கு. ஆசிட் நூத்தி நாப்பத்தாறு கிலோ, கல்மாவு இருநூறு கிலோ, கூட்டினா முந்நூத்தி நாப்பத்தாறு. அந்தப் பக்கம் கால்சியம் குளோரைடு இருநூத்தி இருபத்திரண்டு, தண்ணி முப்பத்தாறு, வாயு எண்பத்தெட்டு, அதுவும் முந்நூத்தி நாப்பத்தாறு. ஒரு கிராம் கூடல, ஒரு கிராம் குறையல. திருவெறும்பூர்ல பஸ் ஏறினதுல இருந்து மூணு தடவை போட்டாச்சு, இந்தத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸ் படி ஏறும்போது ஒரு தடவை போட்டாச்சு, இப்ப பெஞ்சுல உட்கார்ந்து மறுபடியும் போடறேன். எங்கயாவது தப்பா வந்துடக் கூடாதா? எங்கயாவது ஒரு ரெண்டைப் பெருக்க மறந்திருக்கக் கூடாதா, வாயு எட்டே எட்டு கிலோதான்னு விடை மாறிடக் கூடாதா? மாறாது. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, பதினாறு வருஷம் லேப், அதுல நாலு வருஷம் சாயங்காலம் பதினோராம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு டியூஷன். அடைக்கலமேரி போட்ட கணக்கு தப்பாதுன்னு கம்பெனி முழுக்கப் பேரு. போடி, நீயும் உன் பேரும். தப்பாத கணக்காலதான் ஒரு ஆளு செத்துக் கிடந்தாரு.

பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. இப்ப பத்தே முக்கால். ஆய்வாளர் மீட்டிங்ல இருக்காராம், முடிஞ்சதும் கூப்பிடுவாராம், அந்த அட்டெண்டர் மூணு தடவை அதையே சொல்லிட்டாரு, நாலாவது தடவை கேட்டா கடிச்சு வச்சிடுவாரு போல. வராண்டாவுல ஒரே ஒரு பெஞ்சு. அதுல நான் ஒரு ஓரம், பவுனாம்பா இன்னொரு ஓரம். மருதமுத்து பெண்சாதி. அவரு போயி இன்னியோட பதிமூணு நாள். நான் வந்தப்ப எனக்கு முன்னாடியே உட்கார்ந்திருந்துச்சு, என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுச்சு. "உக்காருங்க மேடம், உக்காருங்க"ன்னு தன் பையை இழுத்து மடியில வச்சுக்கிட்டு இடம் விட்டுச்சு. எனக்கு எதுக்கு இடம் விடுற, தாயே. உன் புருஷன் கையில சீட்டு எழுதிக் குடுத்தவ நான். அந்த விஷயம் அதுக்குத் தெரியாது. கம்பெனியில எனக்கும் மேனேஜர் கோதண்டம் சாருக்கும் மட்டும்தான் தெரியும். தெரிஞ்ச மூணாவது ஆளு தெரிஞ்சதோட போயிட்டாரு. மின்விசிறி சுத்துது, காத்து வரல. புடவை முதுகுல ஒட்டிக்கிட்டு நசநசன்னு இருக்கு. கைப்பையில தண்ணி பாட்டில் இருக்கு, எடுத்துக் குடிக்கக் கூட ஒரு மாதிரி இருக்கு, அது பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் எப்படிக் குடிக்கிறது, கொஞ்சம் குடுக்கட்டுமா, குடுத்தா வாங்கிக்குமே, வாங்கிக்கிட்டா அதை விடக் கேவலம் இல்லையா.

இரும்புச் சட்டத்துக்குத் துத்தநாகம் பூசற கம்பெனி எங்களோடது. பூசறதுக்கு முன்னாடி துரு போக ஆசிட்ல முக்கி எடுப்பாங்க. அந்தக் கழிவு ஆசிட்டும் கழுவின தண்ணியும் தரைக்குக் கீழ ஒரு தொட்டியில சேரும். நீளம் நாலு மீட்டர், அகலம் மூணு, ஆழம் மூணு. வாரத்துக்கு ஒரு நாள் அதுல சுண்ணாம்புத்தூளைக் கொட்டி ஆசிட்டை முறிச்சு, தண்ணியை பம்ப் போட்டு இறைக்கணும். எவ்வளவு கொட்டணும்னு கணக்குப் போட்டு சீட்டு எழுதறது நான். கொட்டறது மருதமுத்து. அவருக்கு எழுத்து தெரியாது, அதனால எத்தனை மூட்டையோ அத்தனை கோடு போட்டுக் குடுப்பேன். கோட்டை விரலால எண்ணிக்கிட்டே போவாரு. அந்த வியாழக்கிழமை சுண்ணாம்பு லாரி வரல. தொட்டி பாதிக்கு மேல நிறைஞ்சு கிடக்கு, ஆசிட் லைனை நிறுத்தினா அன்னிக்கு உற்பத்தி போச்சு, கோதண்டம் சார் வாசலுக்கும் லேபுக்கும் நடையா நடக்கறாரு. பக்கத்து யூனிட்ல சுண்ணாம்புக்கல் மாவு அடுக்கி வச்சிருக்காங்க, அதை வச்சு ஒரு வாரம் ஓட்ட முடியுமா மேரின்னாரு. ஏன் முடியாது சார்னேன். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என்ன குறைஞ்சா போயிருக்கும் உனக்கு? எழுபத்திநாலு கிராம் சுண்ணாம்பு பார்க்கற வேலையை நூறு கிராம் கல்மாவு பார்க்கும் சார், நாம வழக்கமா போடற நூத்தி நாப்பத்தெட்டு கிலோவுக்கு இது இருநூறு கிலோ, இருபத்தஞ்சு கிலோ மூட்டையா எட்டு. பேனா கூட எடுக்கல. நின்ன இடத்துல சொன்னேன். அவரு புருவத்தைத் தூக்கிப் பார்த்தாரு, எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்து போச்சு. நாப்பத்தி மூணு வயசுல ஒரு பொம்பளைக்கு என்ன மண்டைக்கனம் பாரு.

அதுக்கப்புறம் லேபுக்குப் போயி முறையா சமன்பாட்டை எழுதினேன். மறைக்கல, எழுதத்தான் செஞ்சேன். கால்சியம் கார்பனேட், கூட ரெண்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அந்தப் பக்கம் கால்சியம் குளோரைடு, தண்ணி, கார்பன் டை ஆக்சைடு. கார்பன் டை ஆக்சைடு பக்கத்துல ஒரு அம்புக்குறி, மேல பார்த்து. அப்படித்தான் எழுதணும், எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கும். வாயு வந்தா மேல பார்த்த அம்பு, வண்டல் படிஞ்சா கீழ பார்த்த அம்பு. டியூஷன்ல நாலு வருஷம் தொண்டை கட்டக் கட்டக் கேட்டிருக்கேன், மேல அம்பு போட்டா என்ன அர்த்தம்? வாயு வெளியேறுது மேடம். வெளியேறினா? கவலைப்பட வேண்டாம் மேடம். ஒரு குரல்ல கத்துவாங்க பிள்ளைங்க. மேல பார்த்து அம்பு போட்டா வாயு மேல போயிடுமா? போர்டுல போயிடும். சோதனைக்குழாயில போயிடும். காத்து ஒரு மோல் இருபத்தொன்பது கிராம், இது நாப்பத்திநாலு, இது எங்க மேல போகும், தண்ணி மாதிரி பள்ளத்துலதான் தேங்கும். எனக்குத் தெரியாதா? தெரியும். எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனா அன்னிக்கு யாரும் கேக்கல, நானும் கேட்டுக்கல. அம்பைப் போட்டேன், விடைக்கு அடியில ரெண்டு கோடு போட்டேன், எட்டுக் கோடு போட்டு சீட்டு எழுதி மருதமுத்து கையில குடுத்தேன். "புது மாவா மேடம்"னு கேட்டாரு. "ஆமா, அதே வேலைதான் செய்யும்"னு சொன்னேன். மாவு கொட்டினதும் தொட்டி பொங்கற சத்தம் லேப் வரைக்கும் கேட்டுச்சு, நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

எண்பத்தெட்டு கிலோன்னா ரெண்டாயிரம் மோல். மோலுக்கு இருபத்திரண்டு புள்ளி நாலு லிட்டர். நாப்பத்தஞ்சு கன மீட்டர் வச்சுக்கலாம், அன்னிக்கு அடிச்ச வெயிலுக்கு ஐம்பதே வந்திருக்கும். தொட்டி மொத்தமே முப்பத்தாறு. விளிம்பு வரைக்கும் நிறைஞ்சு வழிஞ்சிருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போயி நான் என்ன பண்ணினேன், கயித்துல பாட்டிலைக் கட்டி இறக்கி தண்ணியை எடுத்து பி.எச். காகிதத்தை முக்கிப் பார்த்தேன். ஏழு. அச்சு அசலா ஏழு, ஆசிட் முறிஞ்சாச்சு. இறைச்சிடலாம்னு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். தண்ணியைத்தான் சோதிச்சேன். தண்ணிக்கு மேல நின்னதை யாரும் சோதிக்கல. தண்ணி இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்கியிருக்கும். முழங்கால் அளவுக்கு வந்தப்ப பம்ப் குழாய் வாயில மாவு அடைச்சுக்கிச்சு, அது எப்பவும் அடைக்கறதுதான், மருதமுத்து எப்பவும் இறங்கி எடுத்து விடறதுதான், மூணு வருஷமா இறங்கினாரு, சுண்ணாம்புல வாயு கிடையாது, ஒண்ணும் ஆகல. இரும்பு ஏணியில இறங்கினாரு. மே மாசம் கம்பெனியில நடந்த மருத்துவ முகாம்ல அவரு எடையைக் குறிச்சு வச்சது நான்தான், ஐம்பத்தெட்டு. அந்த வாயு அவரை விட முப்பது கிலோ கனம். சே, என்ன கணக்கு இது. ஒரு மனுஷனை எதோட எதை வச்சுக் கழிக்கிற நீ? இதைப் போடாதேன்னா நிறுத்தேன் மேரி. நிக்க மாட்டேங்குது. பல்லு இடுக்குல மாட்டின நார் மாதிரி நாக்கு அங்கயே போகுது.

நேத்து மதியம் சாப்பாட்டு மணி அடிச்சதும் கோதண்டம் சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சு ஒரு காகிதத்தை நீட்டினாரு. டைப் அடிச்சு வந்திருந்துச்சு. "மேற்படி மருதமுத்து என்பவர் மது அருந்திய நிலையில், வேதியியலாளர் குறிப்பிட்ட சுண்ணாம்புக்குப் பதிலாக வேறு மூட்டைகளைத் தாமாகவே எடுத்துக் கொட்டி, எவ்வித முன்னெச்சரிக்கையும் இன்றித் தொட்டிக்குள் இறங்கினார்." வேதியியலாளர்னா நான்தான். பேருக்கு நேரா கையெழுத்துக்குப் புள்ளி வச்சிருந்தது. சீட்டு சார்னு கேட்டேன். எந்தச் சீட்டுன்னாரு. அப்பவே புரிஞ்சுது. போஸ்ட்மார்ட்டத்துல எடுத்த உள்ளுறுப்பு ரிசல்ட் வர மூணு மாசம் ஆகும் மேரி, அதுக்குள்ள பைலை மூடிடலாம், அந்தக் குடும்பத்தை நாம அம்போன்னு விட்டுடப் போறதில்ல, அவரு மகளுக்கு பேக்கிங்ல வேலை போட்டுக் குடுத்துடறோம், அந்தம்மாவும் ஒத்துக்கிட்டாங்க, நாளைக்கு வந்து கைரேகை வைப்பாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு, இதுல உங்க பேரு வந்தா கேஸு, ஜாமீனு, கோர்ட்டுன்னு அலையணும், யோசிச்சுக்குங்கன்னாரு. ரொம்ப நல்ல மனுஷன், மிரட்டும்போது கூட டீ வாங்கிக் குடுத்தாரு. நான் என்ன செஞ்சேன்? அவரு மூஞ்சியில காகிதத்தை விட்டெறிஞ்சேனா? சூடு சொரணை உள்ளவளா இருந்தா எறிஞ்சிருக்கணும். நாளைக்கு ஆபீஸ்லயே போடறேன் சார்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டு வந்தேன்.

ரின்சி பதினொண்ணு படிக்கறா. வேணும்னே செஞ்ச மாதிரி இந்த மாசம் அவளுக்கு இதே பாடம். காலையில தோசையைக் கையில வச்சுக்கிட்டே நோட்டை நீட்டறா, அம்மா இந்தக் கணக்குல வினைபடுபொருள் எவ்வளவு எடுக்கணும்னு வருது, விளைபொருள்ல எனக்கு உதைக்குது பாருன்னு. மிஸ்ஸைக் கேளுன்னு கத்திட்டேன். உனக்கு என்ன ஆச்சும்மான்னு கேட்டா. அவ அப்பா குவைத்துல. ஃபோன்ல சொன்னா அங்க உட்கார்ந்து என்ன பண்ணுவாரு, பதறுவாரு. நான் உள்ள போயிட்டா அவளை யாரு பார்த்துப்பா? பொதுத்தேர்வு நேரத்துல உங்க அம்மா ஆளைக் கொன்னவளாமேன்னு ஒருத்தி கேட்டா போதாதா? மாதாவே, நான் கொன்னேனா? தெரிஞ்சு செய்யலையே. தெரிஞ்சு செய்யல, ஆனா தெரியாமலும் செய்யல, எழுதி, அம்புக்குறி போட்டு, அடியில ரெண்டு கோடும் போட்டிருக்கேனே. கையெழுத்துப் போட்டா என்ன? செத்தவரு திரும்பி வந்து கேக்கவா போறாரு. மகளுக்கு வேலை கிடைக்கும், ரின்சிக்கு அம்மா இருப்பா, கம்பெனி ஓடும், யாருக்கும் நஷ்டமில்ல. எல்லாப் பக்கமும் சரியா வருது. இதையும் சமன் பண்ணிட்டேன் பாரு, எனக்கு வேற என்ன தெரியும்.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா?"

திரும்பிப் பார்த்தேன். பவுனாம்பா பையோட காதைத் திருகிக்கிட்டே இருந்துச்சு. கேளுங்கன்னேன். "அது என்ன காத்து மேடம்? சோடாவுல அடைக்கிற காத்துதான்னு பசங்க சொல்றாங்க. சோடா குடிச்சு யாராச்சும் செத்திருக்காங்களா?" அதேதாங்க, ஆனா பள்ளத்துல அது மட்டும் நிறைஞ்சு நின்னா நல்ல காத்துக்கு இடம் இருக்காதுங்கன்னு சொன்னேன். பாடம் நடத்தற குரல் எனக்கே கேட்டுச்சு. அது தலையை ஆட்டுச்சு, அப்புறம், "வலிச்சிருக்குமா மேடம்?" இல்லன்னேன். ரெண்டு மூச்சு இழுத்திருப்பாரு, மயக்கம் வந்திருக்கும், அவ்வளவுதான், வலி தெரிஞ்சிருக்காது. நிசமாவான்னு கேட்டுச்சு. நிசமான்னேன். அது நிசம்தானா? பாதி நிசம். அத்தனை கெட்டியா நிறைஞ்ச இடத்துல ரெண்டு மூச்சுதான், புத்தகத்துல இருக்கு. ஆனா ஏணியில ஒவ்வொரு படியா இறங்கினாரே, முதல் படி, ரெண்டாவது படி, அங்க நெஞ்சு அடைச்சிருக்கும், தலை வெடிக்கற மாதிரி இருந்திருக்கும், மேல ஏறிடலாமான்னு ஒரு நொடி நினைச்சிருப்பாரு. நினைச்சிருப்பாரா? அப்ப ஏன் ஏறல? கத்தினாரா? நான் லேப்ல இருந்தேன், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கேட்டிருக்காது. கேட்டிருந்தா ஓடியிருப்பேனா, ஓடிப்போயி நானும் இறங்கி இருப்பேனா? சீ, எதுக்கு இப்ப வீரம். தண்ணி பாட்டிலை எடுத்து நீட்டினேன். வாங்கி அண்ணாந்து ரெண்டு மடக்கு குடிச்சிட்டு, மூடியைத் திருகி, புடவையில துடைச்சுத் திருப்பிக் குடுத்துச்சு.

"மேனேஜர் சாரு முந்தாநாளு வீட்டுக்கு வந்தாருங்க," அப்படின்னு தானே ஆரம்பிச்சுது, என்னைப் பார்க்காம எதிர்ச் சுவரைப் பார்த்துக்கிட்டு. "குடிச்சிட்டு எறங்கிட்டாருன்னு எழுதியிருக்குன்னாரு. நான் சண்டைக்குப் போயிட்டேன். குடிக்கவே மாட்டாருன்னு சொல்லல மேடம். கெடா வெட்டுன்னா குடிப்பாரு, தீவாளிக்குக் குடிப்பாரு. வேலைக்குப் போற அன்னிக்குத் தொட மாட்டாரு, எங்க குலசாமி மேல ஆணைன்னேன். அவரு போனப்புறம் ஒக்காந்து யோசிச்சுப் பாத்தேன். இருபது வருசம் கெணறு வெட்டினவரு மேடம் எங்க வீட்டுக்காரரு. தொறையூருப் பக்கம் அவரு எறங்காத கெணறு இல்ல. வெளக்கு எறக்கிப் பாக்காம ஒரு கெணத்துலயும் கால வெச்சதில்ல. டப்பாவுல வெளக்கு வெச்சு, கயிறு கட்டி, அடி வரைக்கும் விடுவாரு, எரிஞ்சா எறங்குவாரு, அணைஞ்சா யாரு காலப் புடிச்சாலும் எறங்க மாட்டாரு. வீட்டுல நாலடித் தண்ணித் தொட்டி, அதக் கழுவறதுக்கே மெழுகுவத்தி கொளுத்தி உள்ள வெச்சுப் பாத்தாருன்னா பாத்துக்குங்களேன், நானும் எம் மவளும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்பேர்ப்பட்ட ஆளு வெளக்கு எறக்காம எறங்கியிருக்காருன்னா என்ன அர்த்தம்? புத்தி தெளிவா இல்ல. மேனேஜரு சொல்றது சரிதான். ஊத்திக்கிட்டுத்தான் போயிருக்கணும். நேத்துக் காலையில சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்." மூக்கை உறிஞ்சுச்சு. கண்ணு காஞ்சு கிடந்துச்சு. "இத்தனி நாளு அழுதேன் மேடம். ரெண்டு நாளா அழுகையே வரல, அந்த மனுசன் மேல ஆத்திரம்தான் வருது. குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்கு அழுவணும்? கைநாட்ட வெச்சிட்டு, பொண்ணுக்கு வேலையாச்சும் வாங்கிட்டுப் போறேன்."

டப்பா. அது பிஸ்கட் டப்பா. சிவப்பு டப்பா, பக்கத்துல ஆணியால ஓட்டை போட்டு, உள்ள ஒரு துண்டு மெழுகுவத்தி. மருதமுத்து வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் தொட்டி ஓரமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைக் கயித்துல விட்டுக்கிட்டு இருந்தாரு. நான் பார்த்துட்டுக் கத்தின கத்துல ஷெட்டே திரும்பிப் பார்த்துச்சு. அறிவிருக்கா உங்களுக்கு, ஆசிட் தொட்டி கிட்ட நெருப்பைக் கொண்டு வர்றீங்க, இரும்புல ஆசிட் பட்டா ஹைட்ரஜன் வரும், ஒரு கிலோ இரும்பு கரைஞ்சா முப்பத்தாறு கிராம், டப்புன்னு பிடிச்சுதுன்னா நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். சொன்னது சரி. இப்பவும் சரி. எந்தப் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாரு. டப்பாவைப் பிடுங்கிட்டேன். எல்லாரும் பார்க்கறாங்களேன்னு அவருக்குக் கூச்சம், தலையைச் சொறிஞ்சுக்கிட்டே நின்னாரு. அப்புறம் மெதுவா கேட்டாரு, "அப்ப கீழ மூச்சு விடறாப்பல காத்து இருக்கா இல்லியான்னு எப்படிங்க மேடம் தெரிஞ்சுக்கறது?" நல்ல கேள்வி. பதினோராம் கிளாஸ்ல ஒரு பிள்ளை கூட என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல. அதுக்கு மீட்டர் இருக்கு, வாங்கச் சொல்றேன், அது வரைக்கும் சுண்ணாம்புல வாயு கிடையாது, தைரியமா இறங்குங்கன்னேன். மீட்டருக்கு எழுதிக் குடுத்தேன். அடுத்த காலாண்டுல பார்க்கலாம்னாரு கோதண்டம் சார். அப்புறம் நான் மறந்துட்டேன். மூணு வருஷம், மறந்தே போயிட்டேன். அந்த வியாழக்கிழமை புது மாவைக் குடுத்தப்பவாவது ஞாபகம் வந்துதா? அதே வேலைதான் செய்யும்னேன். சீட்டைக் கேட்டு வருவாங்கன்னு பயந்து பயந்து செத்தேன் இத்தனை நாளா, இந்த டப்பா என் நினைப்புலயே இல்ல. அவருக்குத் தெரிஞ்ச ஒரே சோதனையை அவரு கையில இருந்து பிடுங்கிட்டு, வேற ஒண்ணும் குடுக்காம இறக்கி விட்டிருக்கேன். சேசுவே. இதைச் சொல்லு மேரி, இப்பவே திரும்பிச் சொல்லு, அது பக்கத்துலதான் இருக்கு, ஒரு முழம் கூட இல்ல. சொன்னா என்னை என்ன பண்ணும்? அறையும். அறையட்டும். அதுக்காகவா பயப்படற? இல்ல, அறையாம விட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம்.

"மருதமுத்து கேஸு, ரெண்டு பேரும் உள்ள வாங்க" அப்படின்னாரு அட்டெண்டர்.

உள்ள ஏசி சில்லுன்னு இருந்துச்சு. ஆய்வாளர் என் வயசுதான் இருப்பாரு, தூக்கம் இல்லாத முகம், உட்காருங்கன்னு கையைக் காட்டினாரு. அதே காகிதம் மேசை மேல, ரெண்டு நகல். படிச்சுக் காட்டிடறேன்னு ஒரே மூச்சுல படிச்சாரு, மது அருந்திய நிலையில், தாமாகவே எடுத்துக் கொட்டி, எவ்வித முன்னெச்சரிக்கையும் இன்றி. படிச்சு முடிச்சுட்டு, "இதுல உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது இருக்காம்மா?"ன்னு பவுனாம்பாவைக் கேட்டாரு. அது இல்லங்கன்னு சொல்லுச்சு. அட்டெண்டர் மைப்பெட்டியைத் திறந்து வச்சாரு. பவுனாம்பா இடது கட்டை விரலை மையில அழுத்துச்சு, அழுத்தி, விரலைத் தூக்கிப் பார்த்துச்சு. நான் அந்த விரலையே பார்க்கறேன். ரின்சி முகம் வருது, கேஸு, ஜாமீனு, கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு, என்னம்மா ஆச்சு உனக்கு, முந்நூத்தி நாப்பத்தாறு, வேண்டாம், இப்ப வேண்டாம். விரல் காகிதத்துக்கு மேல வந்துடுச்சு, ஒரு அங்குலம் இருக்கும். அது விழுந்துடுச்சுன்னா இந்தம்மா சாகற வரைக்கும் அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டே இருக்கும்.

"வைக்காதீங்க."

யாரு சொன்னதுன்னு நானே திரும்பிப் பார்த்தேன் போல. "வைக்காதீங்க பவுனாம்பா. அவரு குடிக்கல. சார், அவரு தானா எடுத்துக் கொட்டல, கல்மாவு எட்டு மூட்டைன்னு சீட்டு எழுதிக் குடுத்தது நான். மேனேஜர் கேட்டாரு, நான் கணக்குப் போட்டேன். எண்பத்தெட்டு கிலோ வாயு வரும்னு கணக்குலயே இருக்கு, நான் அதைப் பார்க்கல. அவரு விளக்கு இறக்கிப் பார்ப்பாரு சார், இறங்கறதுக்கு முன்னாடி. நான்தான் ஆசிட் கிட்ட நெருப்பு கூடாதுன்னு அதைப் பிடுங்கி வச்சேன். மீட்டர் வாங்கித் தர்றேன்னு சொன்னேன், தரல. இறங்குங்கன்னு சொன்னதும் நான்தான்." ஆய்வாளர் பேனாவைக் கீழ வச்சாரு. "மேடம், நீங்க இப்ப சொல்றது உங்க மேலயே திரும்பும், தெரியுமா? வக்கீல் யாரையாவது கலந்துக்கிட்டு வர்றீங்களா?"ன்னாரு. எழுதிக்குங்க சார்னு சொன்னேன்.

பவுனாம்பா விரலை அப்படியே தூக்கி வச்சுக்கிட்டு என்னைப் பார்த்துச்சு. அறை விழும்னு கண்ணை மூடிக்கத் தோணுச்சு, மூடல. "நீங்க சொல்லித்தான் வெளக்கு எறக்கலியா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாங்க."

"அப்ப குடிக்கல."

"குடிக்கல."

முந்தானையை இழுத்து விரல் மையைத் துடைச்சுது. போகல, மறுபடி துடைச்சுது. அப்புறம்தான் ரெண்டு நாளா வராத அழுகை வந்துச்சு, சத்தமே இல்லாம, தோள் மட்டும் குலுங்க. அட்டெண்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாரு, உட்காரல. என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

"பெத்த தாய் சொல்லிக் கேக்காதவரு மேடம் அந்த மனுசன். நான் கட்டிக்கிட்டு வந்த நாளா ஒரு பேச்சு, ஒரே ஒரு பேச்சு கேட்டிருப்பாரா? நீங்க சொன்னதக் கேட்டிருக்காரு பாருங்க."